பயிற்சிக்கூடத்தின் ஒற்றை ஜன்னல்

தேகப்பயிற்சிக் கூடம் நடத்துகிறவனுக்குக் கர்லாக்கட்டையைவிடக் கனமான சங்கதி காற்று. என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

புகையிலைக் கிடங்கு

திருச்சி கடைவீதியின் பின்சந்தில், பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றில் என் கூடம் இருந்தது. தண்டால் எடுக்கக் குனிந்தால் தும்மல், நிமிர்ந்தால் இருமல். யுத்த காலம், மின்விசிறி கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் பின்சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தோம். பொன்மலை ரயில்வே பட்டறையில் உலைக்கு முன்னால் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வரும் மாணிக்கம் அதன் எதிரில் போய் நின்று சொன்னார்: "இன்னிக்குத்தாங்க எனக்கு வேர்வை காயுது."

பலகை

ஜன்னல் பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்து இருந்தது. அந்த வீட்டுக்காரர் பஷீர் பாய், தோல் வியாபாரி. ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். மகள் ரஹ்மத்துக்குக் காசநோய். வெளிக்காற்றில் படுக்க வைக்கச் சொல்லிவிட்டாராம் டாக்டர். வீட்டில் இருப்பதோ அந்த ஒரு முற்றம். ஆண்கள் பார்வை படும் இடத்தில் அந்தப் பெண் எப்படி வந்து படுப்பாள்?

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். அவர் சுத்தியலைத் தேடினார். ஜன்னலை மூடிப் பலகை அடித்து முடித்ததும் பாயின் கண் கலங்கிவிட்டது. "உங்க காத்தை நான் எடுத்துட்டுப் போறேன், வாத்தியாரே."

மயக்கம்

சித்திரை வெயிலில் கூடம் அடுப்பாயிற்று. பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சாயங்காலம் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்த மாணிக்கம் சுருண்டு விழுந்தார். பதறிப்போன ஒருவர் பலகையைப் பிடுங்க ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இருமுவது கேட்டது. தண்ணீர் தெளித்ததும் கண் விழித்த மாணிக்கம் கையை உயர்த்தித் தடுத்தார்: "விடுங்க, அந்தப் பொண்ணு படுத்திருக்கு. எனக்குச் சூடு பழக்கந்தான்."

பாய் திரும்பி வந்தார்

ஆடியில் ரஹ்மத் இறந்துபோனாள். முகம் பார்த்தறியாத அந்தப் பெண்ணுக்காக நாங்கள் எல்லோரும் மையவாடி வரை நடந்தோம்.

சில நாள் கழித்து பாய் வந்தார், கையில் ஆணி பிடுங்கும் குறடோடு. யார் தடுத்தும் கேட்காமல் அவரே பலகையைக் கழற்றினார். ஆடிக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. ஒருவரும் கர்லாக்கட்டையைத் தொடவில்லை. மாணிக்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் மட்டும் அந்த முற்றத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "திறந்தே இருக்கட்டும், வாத்தியாரே. அங்க இனிமே யாருமில்லை."

காற்று சும்மா கிடைக்கிறது என்று சொல்கிறவர்கள் ஒரு கோடையாவது பயிற்சிக்கூடம் நடத்திப் பார்க்கட்டும்.