பெண் பார்த்த அன்றே பந்தி

சிதம்பரத்தில் ராஜகுமாரியின் காய்கறி வண்டியருகே நின்றிருந்தபோது கடலூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "மாமா போயிட்டாருடா" என்றாள். அவள் கணவர் ஆரோக்கியதாஸைத்தான் நான் மாமா என்று கூப்பிடுவேன். கத்திரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்த ராஜகுமாரி, என் முகத்தைப் பார்த்துத் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மாமா டெல்லியில் மக்களவையின் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். ஓய்வு பெற்று 2004இல் கடலூர் வந்தார். சபையில் ஒருவரே நாள் முழுதும் எழுதுவதில்லையாம். சில நிமிடங்களுக்கு ஒருவர் மாறுவார்களாம். "நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்த ஆளு எழுத ஆரம்பிச்சிடணும், ஒரு வார்த்தை கீழ விழக்கூடாது" என்பார். எழுதியதைத் தட்டச்சு செய்ய வெளியே போய்விடுவதால், எத்தனையோ சட்டங்கள் பிறந்த இடத்தில் இருந்தும் எந்த விவாதத்தின் முடிவையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. மறுநாள் பேப்பரில்தான் பார்ப்பாராம். இது என்ன கொடுமை மாமா என்று கேட்டால் சிரிப்பார்.

நான் நடைபாதை வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. 2012இல் ஒரு காலை, நடைபாதை வியாபாரிகள் மசோதா மக்களவையில் தாக்கல் என்று பேப்பரில் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்தாயிரம் வாலா வாங்கி வெடித்தேன், தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன். ஏற்கெனவே தேர் வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் தள்ளப்பட்டிருந்த ராஜகுமாரியிடம், சட்டம் வந்துடுச்சு, பழைய இடத்திலேயே போய் நில்லு என்றும் சொல்லித் தொலைத்தேன். நம்பிப் போனாள். மதியமே நகராட்சிக்காரர்கள் வண்டியைத் தூக்கிப்போய்விட்டார்கள். நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தபோது தக்காளியெல்லாம் தண்ணீராய் ஒழுகியது. வெட்கக்கேடு, அவள் முகத்தில் விழிக்க முடியாமல் வேறு தெரு வழியாகப் போய்வந்தேன்.

விஷயம் தெரிந்து மாமா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"தாக்கல்னா பொண்ணு பாத்தது மச்சான். கமிட்டி விசாரிக்கணும், ஒவ்வொரு பிரிவா ஓட்டெடுக்கணும், அந்தாண்ட மாநிலங்களவையும் சரின்னு சொல்லணும். ஜனாதிபதி கையெழுத்துதான் தாலி. நீ என்னடான்னா பொண்ணு பாத்த அன்னிக்கே பந்தி போட்டுட்ட."

பிறகு என்னை இழுத்துக்கொண்டு ராஜகுமாரியிடம் போனார். மசோதாவை விசாரிக்கும் கமிட்டியான நிலைக்குழுவில் முப்பத்தோரு பேர் இருக்கிறார்கள், பொதுமக்கள் கருத்தை எழுதி அனுப்பலாம், உனக்கு என்ன வேண்டும் சொல் என்றார். என்மேல் இருந்த ஆத்திரத்தில் அவள் படபடவென்று கொட்டினாள். மந்திரி பேசுவதைப் போல அத்தனையையும் சுருக்கெழுத்தில் எடுத்து, ஆங்கிலத்தில் எழுதி, மறுவாரம் வந்து தமிழில் படித்துக் காட்டினார். பறிமுதல் செய்த பொருளை அழுகுவதற்குமுன் திருப்பித் தரலாம் என்று படித்தபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"தரலாம் இல்ல சார், தரணும்."

மாமா பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். வேண்டுமென்றே அப்படிப் படித்தாரோ என்னவோ, அவரிடம் நான் கேட்கவில்லை. ஒரு சட்டத்தில் அந்த ஒரு சொல்தான் எல்லாம், அதை இந்தம்மா பிடிச்சிட்டாங்க என்று பஸ் ஸ்டாண்ட் வரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அதன்பின் ராஜகுமாரி என்னோடு பேசத் தொடங்கினாள், ஆனால் மசோதா பற்றி மட்டும் என்னிடம் கேட்க மாட்டாள். வாரம் ஒருமுறை என் போனை வாங்கி அவரிடமே, இப்ப எங்க சார் நிக்குது என்று கேட்பாள். இன்னும் கமிட்டியிலதாம்மா என்பார். நாலைந்து மாதம் கழித்து அவர் போகும்வரைக்கும் அதே பதில்தான். இதற்கும் முடிவைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார் மனிதர்.

அடக்கம் முடிந்து சிதம்பரம் திரும்பிய அன்று சந்துப் பக்கம் போனேன். அந்த அடித்தல் திருத்தலோடு இருந்த நகலை அக்கா எனக்குக் கொடுத்திருந்தாள். அதை நீட்டினேன், ராஜகுமாரி பேனா அடித்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக என்னைக் கேட்டாள்.

"இப்ப எங்க நிக்குது?"

வந்துடும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"பொண்ணு பாத்திருக்காங்க. விசாரிக்கிறாங்கம்மா" என்றேன்.