கடல் தாண்டிப் போகும் மாமன் சீர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் தம்பி முருகேசன் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். வயல், கண்மாய், டிராக்டர் — இந்த மூன்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாத மனுஷன். அன்றைக்கு அவன் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது.

ஜவுளிக்கடைப் பையோடு தம்பி வந்தால் எந்த அக்காவுக்குத்தான் முகம் மலராது? காப்பியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடவே போட்டுக் கொடுத்தேன்.

பையைப் பிரித்தேன். பட்டுச்சேலை! மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. எனக்குப் புரிந்துவிட்டது. என் மகள் ரம்யா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இன்றைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷி ஆகிவிடுவாள். தாய்மாமன் சீருக்குத் தம்பி இப்போதே தயாராகிவிட்டான்!

"ஏலே, அதுக்குள்ள என்ன அவசரம்? அவ ஆகட்டும், பிறகு நல்லா நின்னு எடுத்தாப் போதாதா?" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை சேலையை மடித்து பீரோவுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தது.

தம்பி காப்பி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். "இது ரம்யாவுக்கு இல்லக்கா... தர்சினிக்கு."

தர்சினி! மறுபடியும் தர்சினி!

யார் இந்த தர்சினி என்கிறீர்களா? சொல்கிறேன். கோபப்படாமல் சொல்ல முயற்சி செய்கிறேன்.

கடலுக்கு அக்கரையில், இலங்கையில் சண்டை நின்று, ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியிருந்த சமயம். ரம்யாவின் வகுப்பு டீச்சர் ஒருநாள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார் — மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை மறுபடி கூரை போட்டுத் திறந்திருக்கிறார்களாம். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் ஏதாவது அனுப்பலாம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? பழைய பாக்ஸைத் தனக்கு வைத்துக்கொண்டு, அந்த வருஷம்தான் வாங்கிய புது பாக்ஸைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏண்டி இப்படி என்றால், "பழசை யாராச்சும் கொடுப்பாங்களாம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நாம் பெரியவர்கள் — மிச்சமானதைக் கொடுத்துவிட்டு தர்மம் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளைகள் தங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். சரி, சின்னப்பிள்ளை புத்தி என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாக்ஸுக்குள் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதி மடித்து வைத்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அன்றைக்குத் தொடங்கியது என் கஷ்டகாலம்.

தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் ரம்யா சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடுகிறாள். நான் கூப்பிட்டால் மட்டும் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. வளையலா, ஹேர்கிளிப்பா, கலர் பென்சிலா... எது வாங்கினாலும் இரண்டு. ஒன்று இங்கே, ஒன்று மன்னாருக்கு. தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு பாவாடை தைக்கச் சொல்லி டெய்லரிடம் தானாகவே போய் நின்றிருக்கிறாள். அவர் அளவு கேட்டதற்கு, "அவ என்னைய விட ரெண்டு விரக்கடை உசரம்" என்றாளாம். பார்த்ததே கிடையாது. உயரம் மட்டும் தெரிந்திருக்கிறது!

பதிலுக்கு அந்தப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. பனை ஓலையில் சின்னதாக ஒரு மூடிபோட்ட பெட்டி பின்னி அனுப்பியிருந்தாள். நான் மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த கண்ணாடி வைத்த அலங்காரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஓலைப் பெட்டி தலையணை பக்கத்தில்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கில் மார்க் குறைந்துபோனதை என்னிடம் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. "ஏண்டி, அன்னிக்கே சொல்லலை?" என்று கேட்டேன். "தர்சினிக்கு அன்னிக்கே எழுதிட்டேம்மா. எழுதின பிறகுதான் பயம் தெளிஞ்சுச்சு. அதான் இப்ப உன்கிட்ட சொல்றேன்" என்றாள். அதாவது, பெற்றவள் இரண்டாவது!

தனுஷ்கோடிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மணல் முடிகிற இடத்தில் எல்லாரும் அலையில் நின்று ஆட்டம் போடுகிறார்கள். இவள் மட்டும் கடலைப் பார்த்து கையை ஆட்டிக்கொண்டே நிற்கிறாள். "அங்கிட்டுத்தாம்மா அவ ஊரு இருக்கு." கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அரைமணி நேரம் கையாட்டினாள். பக்கத்தில் நின்ற அம்மா அவள் கண்ணில் படவேயில்லை.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. பதின்மூன்று வயதுச் சின்னப்பெண் மேல், அதுவும் சண்டைக்குள் பிறந்து வளர்ந்த பெண் மேல், பொறாமை. இதை வெளியில் சொன்னால் யாராவது மதிப்பார்களா? அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இப்போது அந்த தர்சினி பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம். தை மாதம் தண்ணீர் வார்த்து விசேஷம் செய்ய வேண்டும். ஆனால் அவள் அம்மா, விசேஷமே வேண்டாம் என்கிறாளாம். ஏனென்றால் சீர் கொண்டுவர மாமன் இல்லை. இரண்டு மாமன்மார் இருந்தார்கள், இரண்டு பேரும் சண்டையில் போய்விட்டார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தபோது மாமனும் மருமகளும் மொட்டை மாடியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசியதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

என் மகள் ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுத்தாள், பாவாடையைக் கொடுத்தாள். கடைசியில் தாய்மாமனையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்!

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமன் எடுத்துவந்த சேலையை உடுத்தாமல் பெண்ணைச் சபையில் உட்கார வைக்க மாட்டோம். மாமன் சீர் எத்தனை தட்டு வந்தது, மேளம் வந்ததா என்று பத்து வருஷம் ஆனாலும் ஊர் பேசும். அடுத்த தெருப் பெண்ணுக்குச் சீர் வந்த அன்றைக்குத் தட்டுகள் தெருமுனைவரை நீண்டன. நான் வாசலில் நின்று பார்த்து, என் மகளுக்கு அதைவிடப் பெரிதாக வர வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருக்கிறேன். எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. அவன் நம்பி இருப்பதோ ஒரு போக நெல்.

"ஏலே, சொந்த மருமக குத்துக்கல்லு மாதிரி இருக்கா. அவளுக்குச் செய்யுமுன்ன ஊரான் வீட்டுப் பிள்ளைக்கா முறை செய்வ?"

"ரம்யாவுக்குச் செய்யமாட்டேன்னு சொன்னேனா? அடுத்த வெள்ளாமையில செய்யுறேன்."

"கண்மாய் பெருகலேன்னா?"

"பெருகலேன்னா சிறுசாச் செய்வேன்." பொய் சொல்லத் தெரியாத பயல்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ரம்யா ஓடி வந்தாள். "எனக்குச் சிறுசே போதும் மாமா."

"நீ வாய மூடுடி!" என்றேன். தம்பி பக்கம் திரும்பினேன். "உனக்கு முறை தெரியும்ல? ஒரு தடவை மாமன்னு சீர் செஞ்சுட்டா அதோட விட்டுற முடியாது. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம்னா மாமன் நிக்கணும். பிள்ளை பிறந்தா நிக்கணும். கடலைத் தாண்டிப் போவியா?"

"கப்பல் விட்டா போறேன்."

"விடலேன்னா?"

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா, உனக்கு நான் ஒருத்தன் இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா வந்து நிக்கிறேன், நீ என்னைய வையிற. அந்தம்மாவுக்கு ரெண்டு தம்பி இருந்து ரெண்டும் இல்ல. வையிறதுக்குக்கூட ஆளு இல்லக்கா."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் சொல்கிறேன், பொறாமை என்பது அவ்வளவு சுலபமாக இடத்தைக் காலி செய்கிற சரக்கு இல்லை. சேலையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தேன் — பொத்தென்று. அடுப்படிக்குப் போய் பாத்திரங்களிடம் என் கோபத்தைக் காட்டினேன். மதியச் சாப்பாட்டில் தம்பி மோருக்காகக் கையை மட்டும் நீட்டினான், நானும் அவன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினேன்.

சாயங்காலம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"வணக்கம்... நான் மன்னாரில இருந்து கதைக்கிறன். தர்சினியின்ர அம்மா. ரம்யாப் பிள்ளையின்ர மாமா நிக்கிறாரோ?"

திரும்பிப் பார்த்தேன். ரம்யா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இந்த ஞாயித்துக்கிழமை மாமா சேலையோட வர்றாகன்னு எழுதி, நம்ம நம்பரும் கொடுத்திருந்தேம்மா."

ரிசீவரைத் தம்பியிடம் நீட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. எங்கள் வீட்டுப் போனில் எதிர்ப்பக்கம் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்பது ஒரு வசதி.

முதலில் நன்றி சொன்னார் அந்த அம்மா. பிறகு சேலையெல்லாம் எதற்கு, வேண்டாம் என்றார். பிறகு வெறும் இரைச்சல்தான் கேட்டது. கம்பி அறுந்துவிட்டதோ என்று தம்பி "ஹலோ, ஹலோ" என்று கத்தினான்.

"நிக்கிறன்... ஒண்டு கேட்கட்டோ? நான் உங்களைத் தம்பி எண்டு கூப்பிடலாமோ? அந்தச் சொல்லைச் சொல்லிக் கனகாலம்."

என் தம்பி, மாடு செத்தாலும் வெள்ளாமை பொய்த்தாலும் கண் கலங்காதவன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கூப்பிடுங்கக்கா. அழாதீகக்கா... நான் இருக்கேன்ல... அக்கா, அழாதீக."

அக்காவா!

எனக்குச் சுரீரென்றது. அதே குரல். கடைசி எழுத்தில் அதே இழுப்பு. பிறந்து பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை மட்டுமே கூப்பிட்ட சொல். அய்யா, அம்மா எல்லாரும் போனபிறகு எனக்கென்று மிச்சம் இருந்த ஒரே சொத்து அது. மகளைப் பங்கு போட்டார்கள், சேலையைக் கொண்டு போனார்கள். இப்போது இதையுமா?

"கொடு இங்கன" என்று ரிசீவரைப் பிடுங்கினேன். ரம்யா பயந்து போய், "அம்மா, வேணாம்மா..." என்று என் கையைப் பிடித்தாள்.

"நான் ரம்யா அம்மா பேசுறேன். உங்களுக்கு என்ன வயசு?"

அந்தப் பக்கம் திகைத்துப் போயிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிவிட்டு, "முப்பத்தாறு" என்றது குரல்.

"எனக்கு முப்பத்தெட்டு. அப்ப நான்தான் மூத்தவ. தெரிஞ்சுக்கங்க."

"ஓம்..."

"விசேஷம் வேணாம்னு சொன்னீங்களாமே? அதெல்லாம் சொல்லப்படாது. அவனுக்கு ஒரு இழவும் தெரியாது, வெறும் சேலையத் தூக்கிட்டு வந்திருக்கான். ரவிக்கைத் துணி, வளையல், மஞ்சள், குங்குமம், பூவுக்குப் பதிலா ஜரிகை மாலை... எல்லாம் நான் சேர்த்துக் கட்டி அனுப்புறேன். எங்க வீட்டுச் சீர் குறைச்சலாப் போச்சுன்னு ஒரு பேச்சு வரப்படாது. அப்படி ஏதும் குறை இருந்தா அவன்கிட்ட சொல்லாதீங்க. என்கிட்டத்தான் சொல்லணும். என்ன, கேக்குதா?"

"ஓம் அக்கா" என்றார் அந்த அம்மா. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஓம் அக்கா... ஓம் அக்கா..."

கம்பி கரகரத்து, பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. ரிசீவரை வைத்துவிட்டுப் பார்த்தால், தம்பி என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறான். என்னடா பார்வை என்று ஒரு அதட்டல் போட்டு, ரவிக்கைத் துணி எடுத்துவர அவனைக் கடைத்தெருவுக்கு விரட்டினேன். அளவு? இரண்டு விரக்கடை உசரம் என்று ரம்யா கூடவே ஓடினாள்.

திங்கட்கிழமை பார்சலை வெள்ளைத் துணியில் வைத்து நானே கோணி ஊசியால் தைத்தேன். பெரிய தபாலாபீஸில் அரக்கு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வைப்பதற்கு ரம்யா கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, "அம்மாவும் விசாரிச்சதா ஒரு வரி சேர்த்துக்கோடி" என்று சொல்லியிருந்தேன்.

"யாரை விசாரிச்சதா எழுத? தர்சினியவா, அவங்க அம்மாவையா?"

"என் தங்கச்சியை" என்றேன்.

மூத்தவள் நான்தான் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போடவும் சொன்னேன்!