தானாக ஆறாத பெட்டி

"அம்மா, ஓஃப் பண்ண வேணாம் லா. தானா அணஞ்சிடும்." புது இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு மகள் காருக்கு நடந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் எங்கள் காஜா பெராங் வீட்டுக்கு அப்பா ஒரு மின்சாரப் பெட்டி வாங்கி வந்தார். அம்மாவுக்கோ கரிப்பெட்டிதான் பெட்டி. சிரட்டைக் கரியை விசிறிக் கனிய வைத்து, சூடான அடிப்பக்கத்தை வாழையிலையில் ஓர் இழுப்பு இழுத்த பிறகுதான் துணியில் வைப்பார். அந்த வாசனை இல்லாமல் நான் பள்ளிச் சட்டை போட்டதே இல்லை.

அப்பாவின் முகம் வாடக் கூடாதென்று ஒருநாள் அம்மா புதியதில் தேய்த்தார். முடித்ததும், எப்போதும்போல் தானாக ஆறட்டுமென்று அதை வாழையிலைமேல் வைத்துவிட்டு என்னோடு சந்தைக்குக் கிளம்பினார்.

திரும்பியபோது சன்னலெல்லாம் புகை. வேலை முடிந்து வந்திருந்த அப்பா அப்போதுதான் ஒயரைப் பிடுங்கி எறிந்திருந்தார். மேசையில் பெட்டியின் அச்சாக ஒரு ஓட்டை. அதன் வழியே தரை தெரிந்தது.

அம்மா கேட்டார்: "கரின்னா தீந்ததும் ஆறிடும். இதுல கரி எப்பங்க தீரும்?"

மறுநாள் காலை அப்பாவே உட்கார்ந்து கரி விசிறினார்.

வெளியே மகள் ஹார்ன் அடித்தாள். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டி ஆறும்வரை அங்கேயே நின்றேன்.