ராசப்பன் கையெழுத்துப் போட்ட விமானம்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தச் சாமானைக் கொண்டுவந்து காட்டினாலும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க பெரிய இது, நாமளே செஞ்சுபோடலாம்" என்பார்கள். முக்கால்வாசி நேரம் செய்தும் காட்டிவிடுவார்கள். பம்பு, மோட்டார், கிரைண்டர், நூல் மில் உதிரிகள் எல்லாம் இந்த ஊரில் அப்படித்தான் பிறந்தன. மீதிக் கால்வாசியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ராசப்பனின் கதை அந்தக் கால்வாசியைச் சேர்ந்தது.

ராசப்பனுக்கு ஊர் அவிநாசிக்குப் பக்கம். விமானப்படையில் பதினெட்டு வருடம் எஞ்சினைக் கழற்றி மாட்டியவர். வெளியே வந்ததும் பரீட்சை எழுதி, சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் லைசென்ஸையும் வாங்கினார். அந்த லைசென்ஸ் உள்ளவர் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் தரையை விட்டு எழும்பலாம். வாங்கி என்ன செய்ய? கோயம்புத்தூரில் யார் வாசலில் விமானம் நிற்கிறது? ஐந்து வருடம் ஒரு நூல் மில்லில் காற்றாடி ரிப்பேர் பார்த்தார். பங்காளிகள் அவரை 'ஃபேன்காரர்' என்றே கூப்பிட்டார்கள். மனுஷன் அதில் நொந்து நூலாகிப் போயிருந்தார்.

1991-ல் அவருக்கு விடிந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருந்த வெங்கடபதி, வடக்கே மூடிப்போன ஒரு பறக்கும் சங்கத்திலிருந்து பழைய இரண்டு சீட்டு விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். ஓட்டுவதற்கு அவரே கற்றுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டியிருந்தது. பீளமேட்டு விமான நிலையத்தின் ஓரத்துத் தகரக் கொட்டகையில், சாயம் வெளுத்து நின்ற அந்த விமானத்தைப் பார்த்ததும் ராசப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி ஆளாகிவிட்டோம் என்று நினைத்தார்.

விமானம் வாங்குவது ஒரு நாள் கூத்து. வைத்துக் காப்பாற்றுவதுதான் பிழைப்பைக் கெடுக்கும். ஐம்பது மணி நேரம் பறந்தால் ஆயில் மாற்ற வேண்டும், நூறு மணிக்கு எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும். பறக்காமல் நின்றாலோ இன்னும் மோசம். துரு ஏறும், ரப்பர் விறைக்கும், வேகம் காட்டும் குழாய்க்குள் குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டும். ராசப்பன் தினமும் காலையில் அந்தக் குழாயை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

வெங்கடபதிக்கு இருந்தபடி இருக்கவிட மனசு வராது. முதலில் புது ரேடியோ வந்தது. அப்புறம் சீட்டுக்குத் தோல் உறை. 1994 தை மாதம், மூக்கில் சுழலும் பழைய மரப் புரொப்பல்லரை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிது போட்டால் இன்னும் நன்றாக ஏறும் என்று யாரோ சொல்ல, அதையும் வரவழைத்தார். புரொப்பல்லர் வந்தது, அதை மாட்டும் ஆறு போல்ட்டுகள் வரவில்லை. பழைய போல்ட்டுகள் அளவு சேரவில்லை. அமெரிக்காவுக்கு ஃபேக்ஸ் அனுப்பிக் கேட்டதற்கு நான்கு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

நான்கு மாதம் பொறுத்திருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் அன்னூருக்குப் பக்கத்தில் வெங்கடபதியின் பூர்வீக ஊரில் அவர் புதுப்பித்துக் கட்டிய கோயிலுக்கு மாசியில் கும்பாபிஷேகம். கலசத்தின் மேல் விமானத்திலிருந்து பூமாரி பொழியப்படும் என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அச்சடித்தாகிவிட்டது. பத்திரிகை ஊர் ஊராகப் போயும் சேர்ந்துவிட்டது. முகூர்த்தம் போல்ட்டுக்காகக் காத்திருக்குமா?

"மரத்தையே மறுபடியும் மாட்டிக்கலாமுங்க மொதலாளி" என்றார் ராசப்பன்.

"அதை வித்துப்போட்டனப்பா. ஆறு போல்ட்டு. நூறு பவுண்டரி இருக்கற ஊர்ல ஆறு போல்ட்டுக்குக் கை ஏந்தறதா? நம்ம நாகூர் மீரான் பாய் லேத்துல குடு. கண்ண மூடிட்டு அடிப்பாரு."

ராசப்பன் போல்ட்டுக்கு அளவெடுத்துப் படம் போட்டார். வேண்டாம் என்றால் இந்தக் கொட்டகை போய்விடுமோ, மறுபடி ஃபேன்காரராகிவிடுவோமோ என்ற பயம் அவரை விடவில்லை.

கோட்டைமேட்டில் கடைசல் பிடிக்கும் லேத் பட்டறை வைத்திருந்த நாகூர் மீரான், வேலையில் கெட்டிக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுல மாட்டறதுங்க?"

விமானத்துக்கு என்று சொன்னால் ஆயிரம் கேள்வி வரும், சாயங்காலத்துக்குள் பட்டறைத் தெரு முழுக்கப் பரவி, விமான நிலையம் வரை போய்விடும். "கம்ப்ரெசருக்குங்க பாய்" என்றார் ராசப்பன்.

"அதிர்ச்சி இருக்குங்களா? அதிர்ற சாமானுன்னா இரும்பு கொஞ்சம் வளஞ்சு குடுக்கோணும். தேயற சாமானுன்னா நல்லாக் காய்ச்சி முறுக்கிக் குடுத்துருவேன்."

"அதிர்ச்சியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் ராசப்பன், கேள்வி நீண்டுவிடக் கூடாதே என்று.

"அப்பத் தேயாம நிக்கற மாதிரியே செஞ்சர்றேன்."

மூன்றாம் நாள் போல்ட்டுகள் வந்தன. கண்ணாடி மாதிரி மின்னின. ராசப்பன் மாட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று லாக் புக்கில் எழுதி, பழைய பார்சல் ஒன்றின் சான்றிதழ் எண்ணைப் போட்டு, கையெழுத்தும் இட்டார். அதற்கப்புறம் பதினொரு மணி நேரம் பறந்தும் ஒன்றும் ஆகவில்லை. நாம்தான் தேவையில்லாமல் பயந்தோம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

கும்பாபிஷேகத்தன்று காலையில் கொட்டகை முழுக்கச் சாமந்தி மணம். வெங்கடபதி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கூட அவர் மகள் மோகனப்பிரியா. காலேஜ் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"ராசப்பா, பூக் கொட்டறதுக்கு நீதான் பக்கத்துல உக்காரோணும். இது உன்ற கைல வளந்த பிளேனு" என்றார் வெங்கடபதி.

ராசப்பன் பதினொரு மணி நேரமாகத் தேற்றிவைத்த மனசு அந்த ஒரு நொடியில் கைவிட்டுவிட்டது. "காத்தாலிருந்து தலை சுத்துதுங்க. பிரஷர் மாத்திர போட்டிருக்கனுங்க" என்றார். அவருக்குப் பிரஷரும் இல்லை, மாத்திரையும் இல்லை.

"அப்ப நான் வாரேன் அப்பா!" என்று பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள் அந்தப் பெண்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விமானம் கிளம்பி ஓடுபாதைக்குப் போகும் வரைக்கும் நேரம் இருந்தது. ராசப்பன் பாவி, "பத்திரமாப் போய்ட்டு வா அம்மணி" என்று கதவைச் சாத்தினார்.

பத்தே முக்காலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. பதினொன்றரைக்கு அன்னூரிலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு சுற்றுப் பூ விழுந்ததாம், சனம் கைதட்டியதாம். மூன்றாவது சுற்றில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லாமல் விமானம் இறங்கியதாம். உழுத காட்டில் இறக்கிவிட வெங்கடபதி என்னவோ செய்து பார்த்திருக்கிறார். கிணற்று மேட்டில் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். மகள் உயிரோடு இருந்தாள், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. புரொப்பல்லர் அரை மைல் தள்ளிப் பருத்திக் காட்டில் கிடந்தது.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். வெங்கடபதி ரொம்பத் தாழப் பறந்தார், கரண்டுக் கம்பியில் புரொப்பல்லர் தட்டியிருக்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. "பெருமைக்கு ஓட்டி மகளையும் கெடுத்துப்போட்டான்" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். போல்ட்டுகளைப் பற்றிக் கேட்டபோது ராசப்பன் லாக் புக்கைக் காட்டினார். செத்தவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. எட்டு நாள் இப்படியே போயிற்று. சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் நாகூர் மீரான் வீட்டுக்கு வந்தார். கையில், புரொப்பல்லர் கழன்ற சேதியும் விமானத்தைப் பார்த்துக்கொண்ட ராசப்பனின் பெயரும் வந்திருந்த பேப்பர்.

"அது கம்ப்ரெசர் இல்லீங்களே?" என்றார்.

ராசப்பன் இல்லை என்று தலையாட்டினார்.

"அதிர்ச்சி இருக்குதான்னு படிச்சுப் படிச்சுக் கேட்டனுங்களே. முறுக்கின இரும்பு அதிர்ந்தாப் பட்டுன்னு ஒடஞ்சு போகுமுங்களே. ஏரோப்பிளேனுன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா, என்ற கைல ஆகாதுங்கன்னு கும்பிட்டு அனுப்பியிருப்பனுங்களே. நாப்பது வருச வேலைல என்னையக் கொலகாரனாக்கிப் போட்டீங்களே கவுண்டரே!" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுததை ராசப்பனால் நின்று பார்க்க முடியவில்லை.

மறுநாள் அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். எதற்கு மாட்டும் போல்ட்டு என்று மீரானுக்குத் தெரியாது, நான்தான் மறைத்தேன் என்று எழுதியும் கொடுத்தார். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், வழக்கும் வந்தது. இப்போதாவது சொன்னாரே என்றார்கள் சிலர். அதில் ராசப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. அந்த ஆறுதலோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மோகனப்பிரியா படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். இத்தனை நாளும் அப்பா ஓட்டினதில் தப்பில்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

"அப்பா ஓட்டினதுல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா அங்கிள்?"

"குடுத்துட்டேன் அம்மணி."

"அன்னைக்கு உங்களுக்குத் தலை சுத்தலீங்களா?"

ராசப்பன் பொய் சொல்லும் தெம்பில் இல்லை. "இல்லீங் கண்ணு. பயமா இருந்துச்சு."

"எங்கப்பா உங்க பேச்ச ரொம்ப நம்புவாருங்க அங்கிள். பயமா இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா, அவரும் எறங்கியிருப்பாரு."

திட்டவில்லை, குரலும் உயரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க கெளம்புங்க" என்றாள். ராசப்பன் வெளியே வந்தார். பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ் அவர் ஊருக்குப் போயிற்று, எதிலும் அவர் ஏறவில்லை.