பக்கத்து வீட்டுச் சிரிப்பு

என் தங்கை அன்னெக்ரெட்டின் புருஷன் வோல்க்மாருக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. பொறாமை மட்டும் உண்டு. காரைப் பார்த்தோ சம்பளத்தைப் பார்த்தோ வருகிற பொறாமை இல்லை. பக்கத்து வீட்டு ஈல்கா குடும்பம் மேசையைச் சுற்றிப் பலகை விளையாட்டு ஆட உட்கார்ந்தால் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பின் மேல்.

பொஹும் நகரத்தில் எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு எனக்கு. இரண்டாம் மாடியில் சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் ஈல்கா. வோல்க்மார் பஸ் ஓட்டுகிறார். சனிக்கிழமை லீவில் காபி குடிக்கும்போது சுவர் வழியாகச் சிரிப்பு வரும். "அப்படி என்னதான் ஆடித் தொலைக்கிறாங்க?" என்று வயிறு எரிவார்.

போய்க் கேட்டிருக்கலாம். கௌரவம் விடாது. பழைய காகிதம் போடுகிற தொட்டிக்குள் தலையை விட்டார் மனுஷன். புது விளையாட்டில் காய்களைப் பெயர்த்து எடுத்த பிறகு ஓட்டை ஓட்டையாக ஒரு அட்டை மிஞ்சும். ஈல்கா எறிந்த அந்த அட்டையைக் கடைக்குத் தூக்கிப் போவார். ஓட்டைகளைப் பார்த்தே கடைக்காரர் விளையாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார். அன்றைக்கே அதே பெட்டி இவர் வீட்டு மேசையில் இருக்கும்.

பெட்டி வந்தது, சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? முதலில் கைகழுவ வேண்டும். பிறகு விதிப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார்.

"அப்பா, கேக் காய்ஞ்சு போச்சு" என்பாள் மகள் ஃப்ராவ்கே.

"பொறுடி, இன்னும் மீன் விக்கிற பகுதியே வரல."

காய் ஒன்று தப்பாக நகர்ந்தால் போதும், பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். என் தங்கை பரீட்சை எழுதுகிற மாதிரி ஆடுவாள். முடிந்ததும் இவர் கேட்பார்: "அதே விளையாட்டுதானே, ஏன் யாரும் சிரிக்க மாட்டேங்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை. நீச்சலுக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் ஈல்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். நானும் கூட. ஈல்கா எந்த விதியையும் படித்தவள் இல்லை. மீன் விற்கத் தெரியாவிட்டால் மீனுக்குப் பதில் கேக் துண்டை ஏலம் விடுவாள். அன்னெக்ரெட் சிரிக்க ஆரம்பித்தால் மூச்சு வாங்கி, கனைத்து, மேசையில் தலையைக் கவிழ்த்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு பஸ் பழுதாகி வோல்க்மார் சீக்கிரம் திரும்பிவிட்டார். வீட்டில் ஆள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கும்மாளம். ஞாயிறன்று சத்தம் போடக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம்; ஆணி அடிக்கக்கூட யாரும் துணிய மாட்டார்கள். பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. வந்து மணியை அழுத்தினார்.

ஈல்கா கதவைத் திறந்தாள். உள்ளே எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க. மத்தவங்க போகட்டும், குதிரை மாதிரி கனைக்குதே ஒரு பொம்பளை, அதையாவது கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க."

ஈல்கா ஒதுங்கி நின்றாள். மனுஷர் எங்களைப் பார்த்தார்.

"நீயா அது?"

"நான்தான்" என்றாள் அன்னெக்ரெட். கன்னத்தில் இன்னும் கண்ணீர் ஈரம்.

பதினேழு வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டியின் சிரிப்பு அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஈல்கா நாற்காலி போட்டாள். உட்கார்ந்தார். ஃப்ராவ்கே படகைத் தலைகீழாக நகர்த்தினாள். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் அன்னெக்ரெட் ஒவ்வொரு காயை வைக்கும் முன்பும் அவர் முகத்தைப் பார்த்தாள். அதை அவரும் கவனித்துவிட்டார்.

கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்தார். "எனக்குப் பொறாமையா இருக்கு, அன்னெக்ரெட்" என்றார், எங்கள் எல்லோர் முன்னாலும். "அந்தச் சிரிப்பை எனக்கும் ஒரு தடவை சிரியேன்."

பாவம், அவள் முயற்சி செய்தாள். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றிப் பேச வரும்போது சிரிப்பாளே, அதுதான் வந்தது.