லெஃப்ட் விங்

வளைகுடாவில், ருவைஸ் லேபர் கேம்ப்பில் எங்கள் கம்பெனி ஃபுட்பால் டீமை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார மேனேஜர். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. பேசும்போதெல்லாம் பந்தை ஷூவுக்கு அடியில் உருட்டிக்கொண்டே இருப்பார்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தன் தாத்தா கதையைச் சொல்வார். தாத்தா நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் சம்பளத்துக்குப் பந்தாடியவர். பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டபோது பழைய கிளப் அவரை ஆடவும் வைக்கவில்லை, விடவும் இல்லை. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்துக்கே திரும்பினாராம். "ஒரு மனுஷனைக் கட்டி வைக்க யாருக்கு உரிமை இருக்கு?" என்று கேட்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாங்களும்தான்.

அந்தக் கதையை நம்பித்தான் அவரிடம் போனேன். எனக்கு அஜ்மானில் வெல்டர் வேலை கிடைத்திருந்தது. இங்கே நான் வெறும் ஹெல்பர். கம்பெனி ரிலீஸ் கொடுத்தால்தான் மாற முடியும். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

"மாஃபி ரிலீஸ், கிடையாது, மை ஃப்ரெண்ட். நீ போயிட்டா லெஃப்ட் விங்ல யார் ஆடுறது?" என்று சிரித்தார்.

"சார், உங்க தாத்தா..."

காலடியில் பந்து நின்றது. "அது வேற," என்றார்.

ரூமில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் கேட்டார்: "கதை கேட்டா கேட்டுட்டு வாறதுதானே தம்பி, ஏன் நம்பினனீ?"

அடுத்த வெள்ளிக்கிழமை, டீமுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மேனேஜர் அதே கதையைச் சொன்னார். அதே இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பென்றால் அன்றே மறந்திருப்பேன். அந்த மனிதர் நிஜமாகவே அழுதார்.