எட்டாவது துப்பாக்கி

கோழி ஆலையில் என் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வருடம் எலும்பு நீக்கியவள் வாண்டெல். அந்த வேலை அவள் விரல்களை முடக்கிவிட்டது. ஊறுகாய் ஜாடியைத் திறக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை, துப்பாக்கி வாங்கப் போகிறேன், கூட வா என்றாள்.

விவாகரத்தான பிறகு அவள் முன்னாள் புருஷன் டுவைட் இரண்டு முறை அவள் கதவை உடைத்திருந்தான். அடுத்த முறை உடைவது கதவு இல்லை என்று சொல்லிவிட்டும் போயிருந்தான். அர்க்கன்ஸாவில் எங்கள் பக்கத்துக்குப் போலீஸ் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் பிணம் ஆறிவிடும்.

கடைக்காரர் ஓட்டிஸ் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வைத்தார். "சோப்புக்கட்டி அளவுதான் கண்ணு. சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுச் சர்ச்சுக்குப் போ, பாஸ்டருக்கே தெரியாது."

குண்டு ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். வாண்டெல் இழுத்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

"சின்னதா இருந்தா லேசா இருக்கும்னு நெனச்சேனே."

"சின்னதுலதான் ஸ்பிரிங் முரடா இருக்கும்," என்றார் ஓட்டிஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்குய்யா அத எடுத்துக் குடுத்த? பொம்பளைன்னா ரோஸ் கலரு, வேற தெரியாதா உனக்கு? அவ கையப் பாத்துக் குடு!"

ஏழு துப்பாக்கிகள் பார்த்தாள். எட்டாவது கொஞ்சம் பெரியது. இழுத்ததும் வந்தது.

"வந்துடுச்சுடி," என்று அங்கேயே அழுதுவிட்டாள். இடுப்பில் செருக ஓர் உறையும் வாங்கினோம். மூன்று வாரம் சுட்டுப் பழகினாள். அந்த மூன்று வாரம்தான் ஓரளவு தூங்கினாள்.

ஆலைக்குள் துப்பாக்கி கூடாது. நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, அவளும் கார் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். டுவைட்டும் அதே ஆலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன்.

அவன் அவளை நெருங்கக் கூடாது என்ற உத்தரவுக்காகக் கோர்ட்டுக்குப் போனோம். அங்கேயும் துப்பாக்கி கூடாது. பழக்கப்படி பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், பாவி.

உள்ளே எங்கள் வக்கீல் எழுந்து நீதிபதியிடம், "எவ்வளவு பயந்திருந்தா துப்பாக்கி வாங்கியிருப்பாங்க, பாருங்கம்மா," என்றார். டுவைட் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

நீதிபதி அவனிடம் கேட்டார்: "உங்ககிட்ட துப்பாக்கி இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லீங்கம்மா. எல்லாத்தையும் போன வருஷமே வித்துட்டேன்."

ஐந்நூறு அடிக்குள் வரக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவானது. அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி பணிவாக வெளியே போனான். முத்திரை குத்திய நகலுக்காக நாங்கள் அரைமணி நேரம் காத்திருந்தோம்.

வெளியே வந்தால், கார் ஜன்னல் கண்ணாடி தரையில் நொறுங்கிக் கிடந்தது. பெட்டி வாயைப் பிளந்து தொங்கியது. சீட்டுக்குப் பக்கத்துக் குழியில் இருந்த சில்லறையைக்கூட யாரும் தொடவில்லை.

வாண்டெலின் இடுப்பில் வெறும் உறை. கையில் அந்தக் காகிதம். நான் டுவைட்டைக் கண்டபடி திட்டினேன், பொய்யன், புளுகன் என்று.

"கோர்ட்ல அவன் பொய் சொல்லலடி," என்றாள் அவள். "கேட்டப்ப அவன்கிட்ட இல்ல."